கவர்னியில் இரவு எங்கே நிறுத்துவது: மேலே லா ஓல் நிறுத்தமா, கீழே ஆற்றோரமா?

பிரான்ஸின் லூர்து நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர், லுஸ், ஜெத்ர் ஊர்களைத் தாண்டி பிரனீஸ் மலைக்குள் ஏறினால் கவர்னி கிராமம். உயரம் 1,365 மீட்டர். எதிரே பனிப்பாறைகள் அரைவட்டமாகக் குடைந்து வைத்த பிரம்மாண்டமான பாறைச்சுவர், அதன் மேல் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள், அதற்கு அப்பால் ஸ்பெயின். மோட்டார்ஹோமில் (உள்ளேயே தூங்க வசதியுள்ள வண்டி) போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு நடுவே தடுமாறுவார்கள். ஊருக்கு மேலே, பனிச்சறுக்கு நிலையத்துக்குப் போகும் சாலையில் லா ஓல் என்ற வண்டி நிறுத்தம். இல்லையென்றால் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றோரக் கேம்பிங்.

என்னைக் கேட்டால் லா ஓல்தான். ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவராது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கேம்பிங்குக்குப் போங்கள். கரன்ட் இணைப்பு, வெந்நீர்க் குளியல், பாத்திரம் கழுவ இடம் எல்லாம் உண்டு, மழை பிடித்துக்கொண்டால் (பிரனீஸில் பிடித்துக்கொள்ளும்) இதெல்லாம் பெரிய விஷயம். வெய்யில் மறைப்பை விரித்து, நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம். நிறுத்தத்தில் அது முடியாது, ஏனென்றால் பிரான்ஸில் வண்டியை நிறுத்தி உள்ளே தூங்குவது வேறு, நாற்காலியை வெளியே போட்டால் அது 'முகாம்' கணக்கில் வந்துவிடும்.

சரி, பிறகு ஏன் லா ஓல்? காலை நேரத்துக்காக. லூர்திலிருந்து ஒரு நாள் சுற்றுலா வருகிறவர்கள் ஊரை நிரப்புவதற்கு முன்பே, ஏழு மணிக்கெல்லாம் ஊருக்கு இறங்கி, ஆற்றைத் தொட்டபடி போகும் பாதையில் நடக்க ஆரம்பித்துவிடலாம். பாறைச்சுவரின் வாசல் வரை ஒரு மணி நேரம், அதிகம் மூச்சு வாங்காத நடை. அருவியின் அடிவாரத்துக்கு இன்னும் முக்கால் மணி, அங்கே கல்லும் ஏற்றமும்தான். 422 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், ஜூனில் பனி உருகும்போது பார்க்க வேண்டும். சத்தம்தான் முதலில் வரும்.

இன்னொரு காரணம் ரோலான் பிளவு. 2,807 மீட்டரில், மலைச்சுவரை யாரோ வாளால் வெட்டிய மாதிரி ஒரு வாசல். வீரன் ரோலான் தன் வாளால் பிளந்தான் என்பது அந்தப் பக்கத்துக் கதை. லா ஓல் சாலையிலேயே மேலே போனால் தாந்த் கணவாய், 2,208 மீட்டர், நடை அங்கிருந்துதான். கோடையின் தொடக்கத்தில் கூடப் பனி கிடக்கும், நல்ல காலணி இல்லாமல் போகாதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை, வண்டிக்குள் இரவு தங்கவும் கூடாது, அதனால் கணவாய்ப் பக்கம் தூங்கலாம் என்று திட்டம் போட வேண்டாம்.

துருமூஸ் (இதே மாதிரி இன்னொரு அரைவட்டப் பாறைச்சுவர்) பக்கம் போவதுதான் உங்கள் ஆசை என்றால் கணக்கு மாறும். அதற்கான சாலை ஜெத்ரில் பிரிகிறது, ஆற்றோரக் கேம்பிங்கிலிருந்து கீழே இறங்கினால் போதும், பெரிய வண்டியை ஊருக்குள் நுழைத்துத் திருப்பும் வேலை இல்லை.

மூன்று இரவு இருக்கிறது என்றால், முதல் இரண்டு மேலே. நடந்து களைத்த பிறகு மூன்றாவது இரவு கேம்பிங்கில் துணி துவைத்து, பேட்டரி ஏற்றி, கழிவறைக் கேசட்டைக் காலி செய்துகொண்டு இறங்குங்கள்.