3,460 டாலர் போயிற்று: வீல்சேரில் அம்மா அப்பாவை கிராண்ட் கேன்யன் கூட்டிப்போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன வியாழக்கிழமை ராத்திரிதான் டல்லாஸ் திரும்பினோம். "ஆத்திரம் அடங்கின பிறகு எழுதுங்க" என்றாள் மனைவி. அது அடங்குவதற்குள் இன்னொரு குடும்பம் எங்களை ஏமாற்றிய அதே டிராவல் ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டால் என்ன செய்வது? அதனால் இப்போதே எழுதுகிறேன். எங்களுக்குப் போனது 3,460 டாலர். அந்தப் பணத்துக்கு ஒரு அறை கிடைக்கவில்லை, வண்டி கிடைக்கவில்லை, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையிலும் காலிலும் வலு இல்லை. தாங்கிப் பிடித்தால் நாலு எட்டு வைப்பார், மற்றபடி வீல்சேர்தான். திருமங்கலத்திலிருந்து இந்தத் தடவை அவரைக் கூட்டிவந்ததே பெரும்பாடு. ஒரு நாள் டிவியில் கிராண்ட் கேன்யனைப் பார்த்துவிட்டு, "இது இங்கயிருந்து எம்புட்டுத் தூரம்ப்பா?" என்று கேட்டார். எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை அம்மா. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பயணமே.

லாஸ் வேகாஸ் வரை விமானம். அங்கிருந்து சாலை வழியாக யூட்டா மாநிலத்தில் சயான், பிரைஸ் கேன்யன் என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள், அப்புறம் அரிசோனாவுக்குள் இறங்கி கிராண்ட் கேன்யன். பாதி அழகு காருக்குள் உட்கார்ந்தே பார்க்கக் கூடிய பாதை. ஆனால் வீல்சேர் ஏற்றும் வேன் எங்கே கிடைக்கும், எந்த விடுதியில் என்ன மாதிரி குளியலறை, எந்த பார்க்கில் எதுவரை கார் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வேலை நெருக்கடி வேறு. இங்கே ஒரு தமிழர் வாட்ஸ்அப் குழுவில் "ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கான சுற்றுலா" என்று விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் டிராவல் ஏஜென்சி கண்ணில் பட்டது. ஜூன் மாதம் கூப்பிட்டேன்.

அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எடுத்த ஏஜென்ட் நாற்பது நிமிஷம் பேசினான். "எந்த ஊர்ணே?" என்றான். திருமங்கலம் என்றேன். "அட, நான் உசிலம்பட்டிண்ணே!" அது மட்டும் இருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். வீல்சேரின் அகலம் கேட்டான். அம்மா எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேட்டான். கடைசியாக, "அம்மாவுக்கு வலது கை நல்லா இருக்குல்ல? அப்ப டாய்லெட்ல கைப்பிடி வலது பக்கம் இருக்கிற ரூமாப் பார்க்கணும்ணே" என்றான்.

அங்கேதான் விழுந்தேன். வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் அது. இவ்வளவு யோசிக்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று மனசு தானாக முடிவு கட்டிவிட்டது. போனை அம்மாவிடம் கொடுத்தேன். "உங்க பிள்ளை மாதிரி நினைச்சுக்கங்கம்மா" என்று அவரிடமும் சொன்னான். "நல்லா இருப்பா" என்று அம்மா வாயார வாழ்த்தினார்.

மறுநாள் கணக்கு வந்தது. சாய்தளம் வைத்த வேன், ஆறு நாளுக்கு 1,380. ஐந்து இரவு அறைகள், எல்லாவற்றிலும் வீல்சேரோடு உள்ளே போகும் ஷவர், 1,555. "மாற்றுத்திறனாளி பார்க் பாஸ்" 180. கிராண்ட் கேன்யனில் "சிறப்பு வாகன அனுமதி" 145. சேவைக் கட்டணம் 200. ஆக மொத்தம் 3,460. கார்டில் கட்டலாமா என்றேன். "கார்டுன்னா மூணு பர்சென்ட் போயிரும்ணே, எதுக்கு உங்களுக்கு நஷ்டம்? பேங்க் ஆப்லயே என் நம்பருக்குப் போட்டுவிட்ருங்க." போட்டேன். முழுப் பணத்தையும் ஒரே தடவையில்.

முதல் அறிகுறி ஜூலையிலேயே வந்தது, நான்தான் கோட்டை விட்டேன். திட்டத்தில் கடைசி இரண்டு இரவு கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பான நார்த் ரிம்மில் இருந்த பழைய விடுதியில். 2025 ஜூலை மாதக் காட்டுத்தீயில் அந்த விடுதியே எரிந்து சாம்பலானது. நார்த் ரிம்மை அந்த சீசன் முழுக்க மூடிவிட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் பதறிப்போய் கூப்பிட்டேன். "பார்த்துட்டேண்ணே, சவுத் ரிம் வாசல்ல டுசாயன்ல மாத்திட்டேன், அதே ஷவர்தான்" என்றான். உறுதிப்படுத்தும் எண் கேட்டேன். "கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாம் சேர்த்து அனுப்புறேன்." சரி என்று விட்டேன். பயணம் முடிந்து திரும்பி வந்த பிறகு, எரிந்துபோன அந்த விடுதியின் முன்பதிவு எண்ணில் விசாரித்தேன். என் பெயரில் அங்கே எந்த நாளும் ஒரு பதிவும் இருந்ததில்லை. எரிவதற்கு முன்னாலும் இல்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் வேகாஸில் இறங்கினோம். வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏழு சீட் மினிவேன், பணம் இங்கே கட்ட வேண்டும்" என்றாள். சாய்தளம்? அவர்களிடம் அப்படி வண்டியே கிடையாது. வீல்சேர் வேன் வாடகைக்கு விடுவதற்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்களாம், பல நாள் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டுமாம். பணம் கட்டாமல் வெறும் பெயரை மட்டும் பதிந்து வைத்திருக்கிறான். அவனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. விமான நிலைய வெயிலில் அம்மாவை எவ்வளவு நேரம் உட்கார வைப்பது? என் கார்டைத் தேய்த்து அந்த மினிவேனையே எடுத்தேன்.

அன்றைக்கு மட்டும் அம்மாவை பதினோரு தடவை தூக்கி ஏற்றி இறக்கியிருக்கிறோம். நான் கக்கத்தில் கை கொடுப்பேன், மனைவி முழங்காலைப் பிடிப்பாள். ஆறாவது தடவைக்குப் பிறகு அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பாத்ரூம் போக இறங்க வேண்டுமே என்று. மறுநாள்தான் எங்களுக்கு அது புரிந்தது.

சயான் வாசலில் ஸ்பிரிங்டேலில் விடுதி. அங்கேயும் அதே கதை: பெயர் இருக்கிறது, பணம் இல்லை. சாதாரண அறை, மாடியில், லிஃப்ட் இல்லை. வரவேற்பில் இருந்தவர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு கீழ்த்தளத்தில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். அதிலும் குளியல் தொட்டிதான். தொட்டியின் விளிம்பு என் முழங்காலுக்கு வந்தது. இடது காலை அதற்கு மேல் அம்மாவால் தூக்க முடியாது. கடைசியில் தொட்டிக்கு வெளியே, டாய்லெட் மூடிமேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்து, அறையில் இருந்த ஐஸ் வாளியில் வெந்நீர் பிடித்து மனைவி ஊற்றினாள். தரையெல்லாம் தண்ணீர். நான் வெளியே நின்று கதவிடுக்கில் துண்டுகளைத் திணித்துக்கொண்டிருந்தேன். "விடு தாயி, ஊர்ல மொண்டு ஊத்திக் குளிக்கிற மாதிரித்தான இருக்கு" என்று அம்மா உள்ளே அவளைச் சமாதானப்படுத்துவது கேட்டது. அந்தப் பையன் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டது அந்த நேரத்தில் என் காதில் ஒலித்தது.

பார்க் உள்ளே எந்தக் குறையும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சயானில் இலவச பஸ் ஓடுகிறது. டிரைவர் சாய்தளத்தை இறக்கி, வீல்சேரை ஏற்றி, நாலு மூலையிலும் பட்டை போட்டுக் கட்டினார். ஆற்றோரமாக பாரூஸ் பாதை முழுக்கத் தார் போட்டது, தள்ளிக்கொண்டே போனோம். பிரைஸில் சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து சன்செட் பாயின்ட் வரை அரை மைல் நல்ல தளம். எட்டாயிரம் அடி உயரத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. கீழே நிற்கும் செம்பாறைத் தூண்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரையான் புத்து மாதிரியே நிக்குதுப்பா, மஞ்சள் பூசாததுதான் குறை" என்றார் அம்மா. ஒவ்வொன்றையும் இப்படி ரசித்துப் பார்க்கிற மனுஷியை வைத்துத்தான் ஒருவன் காசு பிடுங்கியிருக்கிறான்.

நான்காம் நாள் பேஜ் என்ற ஊர் வழியாகப் போய் டெசர்ட் வியூ வாசலில் கிராண்ட் கேன்யனுக்குள் நுழைந்தோம். 145 டாலர் கட்டிய சிறப்பு அனுமதி கையில் இல்லை. பள்ளத்தாக்கின் விளிம்போரமாகப் போகும் ஹெர்மிட் ரோட்டில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் கார் விடமாட்டார்கள், பஸ் மட்டும்தான். வாசலில் இருந்த பெண் ரேஞ்சரிடம் (பூங்கா அதிகாரி) தயங்கித் தயங்கி அம்மாவின் நிலையைச் சொன்னேன். அந்த அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்துத் தேதி எழுதி, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன். "இலவசம். எப்போதுமே இலவசம்."

பாஸ் கதையும் அப்படித்தான். நிரந்தர ஊனம் உள்ளவர்களுக்கான ஆக்சஸ் பாஸ் பார்க் வாசலில் காசில்லாமல் கொடுப்பது, ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். விசிட்டர் விசாவில் வந்த அம்மாவுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கிடைக்காத ஒன்றுக்கு 180, இலவசமான ஒன்றுக்கு 145. என்னிடம் இருந்த 80 டாலர் ஆண்டு பாஸிலேயே காரில் இருந்த மூன்று பேரும் உள்ளே போய்விட்டோம்.

டுசாயனில் எங்கள் பெயரில் ஒன்றுமே இல்லை, வெறும் பெயர்ப்பதிவுகூட இல்லை. ராத்திரி ஏழரை மணி. விடுதி விடுதியாகக் கூப்பிட்டு, கடைசியில் ஒரு மணி நேரத் தூரத்தில் வில்லியம்ஸில் ஒரு அறை பிடித்தோம். அங்கே உண்மையாகவே வீல்சேரோடு போகும் ஷவர் இருந்தது. மறுநாள் அந்த இலவசக் காகிதத்தோடு ஹெர்மிட் ரோட்டில் போய் ஹோப்பி பாயின்ட்டில் அம்மாவை இறக்கினோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் என் கையைப் பிடித்து, "அந்தப் பையன் பணத்தைக் குடுத்துட்டானா?" என்றார். அந்த இடத்தில் அவர் கேட்க வேண்டிய கேள்வியா அது?

இனி அவன் பதில்கள். முதல் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை, நீல டிக் மட்டும் விழுந்தது. மூன்றாம் நாள், "அண்ணே, சிஸ்டம்ல ஏதோ மிஸ்டேக், 48 மணி நேரத்துல பார்த்துச் சொல்றேன்." ஐந்தாம் நாள், "மேனேஜர்கிட்ட பேசிட்டு இருக்கேன்." ஆறாம் நாள் வேறொரு குரல், ஆங்கிலத்தில், சிறப்பு அறை என்பது வேண்டுகோள் மட்டும்தான், உத்தரவாதம் இல்லை என்றது. அதுவும் பொய். அந்த வகை அறையை முறையாகப் பதிவு செய்திருந்தால், அதை நமக்கென்று பிடித்து வைக்க வேண்டியது விடுதியின் கடமை என்று 2012 முதல் இந்த நாட்டில் விதியே இருக்கிறது. இவன் அப்படிப் பதிவு செய்யவே இல்லை, அதுதான் விஷயம். கடைசியாக வந்த செய்தி: அடுத்த பயணத்தில் 75 டாலர் தள்ளுபடி. 3,460 டாலரைப் பறிகொடுத்தவனுக்கு 75. நேற்று என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான்.

வங்கியில் கேட்டால், "நீங்களே அனுப்பிய பணம், யாரும் திருடவில்லை" என்கிறார்கள். மோசடிப் புகார்களை வாங்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். அது முடியும்வரை ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை.

எதை எப்படிப் பதிவு செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பணத்தை கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், தராத சேவைக்குத் திருப்பிக் கேட்க அதில்தான் வழி. போன் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விடுதிக்கு நீங்களே போன் போட்டு, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, பணம் கட்டியாகிவிட்டதா, வீல்சேரோடு போகும் ரோல்-இன் ஷவரா தொட்டியா என்று மூன்றையும் கேளுங்கள். "ஆக்சஸிபிள்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். பார்க் அனுமதிக்கு இடையில் இருக்கிற எவனுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழுவில் அவனுடைய புது விளம்பரம் வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டெத் வேலி, "நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஏற்றது, சில இடங்களே உள்ளன." கீழே இரண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டேன். ஒருவர் பார்த்துவிட்டார், இன்னொருவர் இன்னும் பார்க்கவில்லை.