எலுமிச்சைப் புல்: பல ஆண்டுகள் வளர்த்துக் குடித்தபின்

மருந்துச் செடி ஒன்றுக்குத்தான் இடமிருக்கிறது, எதை நடலாம் என்று யாராவது கேட்டால், தயங்காமல் எலுமிச்சைப் புல்லைத்தான் சொல்வேன். பல ஆண்டுகளாக வளர்த்துக் குடித்து வருகிறேன். ஆனால் இதன் பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்பி நட வேண்டாம்.

சிம்போபோகன் சிட்ரேட்டஸ் என்னும் இந்த வகை அபூர்வமாகத்தான் பூக்கும். விதையைத் தேடி அலையாதீர்கள். தூரிலிருந்து வேரோடு பிரித்த ஒரு சிம்பு (பக்கத்தில் கிளைக்கும் தண்டு) போதும். தோகையை நறுக்கிவிட்டு நட்டால், வெட்டுப்பட்ட நடுக்குருத்து மெல்ல மேலே எழும்பும். சிம்பு பிழைத்துக்கொண்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். உறைபனியைத் தாங்காது.

பலரும் கவனிக்காமல் விடுவது தூர் பிரிப்பதை. நாளாக ஆக நடுப்பகுதி கட்டையாகிச் சருகு அடைத்துக்கொள்ளும். பச்சையெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பிறகு எவ்வளவு உரமிட்டும் பயனில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுத் தூரையும் தோண்டி, ஓரச் சிம்புகளை மட்டும் எடுத்து நடுவதே வழி. தொட்டியில் வளர்த்தால் இன்னும் சீக்கிரம் பிரிக்க வேண்டியிருக்கும். அறுக்கப் போகும்போது முழுக்கைச் சட்டை அணியுங்கள். தோகையின் ஓரம் ரம்பம் போன்றது. கீறியது அப்போது தெரியாது, சோப்பு பட்டதும் எரியும்.

மணத்துக்கு முக்கியக் காரணம் இதன் எண்ணெயில் உள்ள சிட்ரால் என்னும் வேதிப்பொருள். அது ஆவியோடு சேர்ந்து பறந்துவிடக்கூடியது. அதனால் புல்லைப் போட்டுக் கொதிக்க விடுவதை நான் ஏற்பதில்லை. அடித்தண்டை நசுக்கி, தோகையை நறுக்கி, கொதித்து இறக்கிய நீரில் போட்டு உடனே மூடிவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து மூடியைத் திருப்பி, உட்புறத்தில் கோத்து நிற்கும் துளிகளை முகர்ந்து பாருங்கள். மூடாமல் விட்டால் நாம் இழப்பது எது என்று புரியும்.

எனக்குத் தவறாமல் கிடைத்த பலன், கனமான சாப்பாட்டுக்குப் பின் வரும் வயிற்று உப்புசம் இறங்குவது. சளி பிடித்தால் சூடும் மணமும் இதமாக இருக்கின்றன. சளி என்னவோ தன் போக்கில்தான் போகிறது. தூக்கம் வரவழைக்கும், பதற்றம் தணிக்கும் என்கிறார்கள். 1986-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இந்த இலைத் தேநீரை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அந்த இரண்டு விளைவுகளும் தென்படவில்லை, நச்சுத்தன்மையும் தென்படவில்லை. என் அனுபவமும் அதுவே. கொசு விஷயமும் அப்படித்தான்: செடி சும்மா நிற்பதால் கொசு விலகுவதில்லை.

தேநீர் வேறு, வடித்தெடுத்த எண்ணெய் வேறு. எண்ணெயைக் குடிக்கக் கூடாது. நீர்க்கச் செய்யாமல் தோலில் தடவினால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரலாம். கர்ப்பிணிகள் தேநீரைக்கூட மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கன்று வாங்கும்போது தோகையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இதன் நெருங்கிய உறவான சிட்ரோனெல்லாப் புல் பார்வைக்கு ஏறக்குறைய இப்படியே இருக்கும், ஆனால் அது குடிப்பதற்கானது அல்ல. கசக்கியதும் தெளிவான எலுமிச்சை மணம் எழாத கன்றை வாங்காதீர்கள்.