ஜெப்கோ கடலடித் தரவு: துணைக் கோப்பை விட்டுவிடாதீர்கள்

ஜெப்கோ (GEBCO) என்பது உலகக் கடல்களின் ஆழத்தைக் கட்டம் கட்டமாகத் தரும் தரவு. இலவசம். ஒரு கட்டம் 15 வில்நொடி (பாகையின் 3600-ல் ஒரு பங்கு ஒரு வில்நொடி), நிலநடுக்கோட்டில் சுமார் 460 மீட்டர். அந்த 460-ஐ அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். கப்பல் அளக்காத இடங்களில் ஆழம் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவை வைத்துக் கணித்தது. 2000 மீட்டர் கடலடி மலை நீரை ஈர்த்து, கடல்மட்டத்தை ஏறத்தாழ 2 மீட்டர் உயர்த்தும். அந்தப் புடைப்பு பல கிலோமீட்டர் பரந்தது, சிறு குன்றுகள் அதில் கரைந்துவிடும். வங்காள விரிகுடாவில் இன்னும் சிக்கல்: 85 பாகைக் கிழக்கு மலைத்தொடர் வண்டலுக்குள் புதைந்திருந்தும் ஈர்ப்பில் தெரிகிறது, அதுவும் பள்ளம்போல!

ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் ஆழமும் எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் துணைக் கோப்பான டிஐடி (TID) கோப்பையும் சேர்த்தே இறக்குங்கள். அதில் உள்ள குறியீடுகள்: 10 ஒற்றைக்கற்றை, 11 பல்கற்றை எதிரொலிமானி (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி), 40 ஈர்ப்புக் கணிப்பு. கடலடிச் சரிவு கணக்கிடுமுன் 40 உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள். இல்லையேல் கப்பல் போன தடமெல்லாம் தண்டவாளம்போலத் துருத்தும். கப்பலோட்ட இந்தத் தரவைப் பயன்படுத்தவே கூடாது.