நாலு வருஷம் டிராவல் டிரெய்லர்ல சமைச்சு, ரிப்பேர் பாத்த அனுபவம்

டிராவல் டிரெய்லர், அதாவது டிரக்குக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு, வாங்கலாமான்னு தெரிஞ்சவங்க நெறைய பேர் கேக்குறாங்க, எல்லாருக்கும் போன்ல தனித்தனியா சொல்லிட்டிருக்கேன், அதான் ஒரே இடத்துல எழுதிடலாம்னு. 2021ல டல்லாஸ் பக்கம் நாங்க வாங்குனது 2016 மாடல், 26 அடி, செகண்ட் ஹேண்ட். டிரக்ல மாட்டுறது, ஓட்டுறது, ரிவர்ஸ் எடுக்குறது எல்லாம் என் வீட்டுக்காரர். உள்ள சமையலும் ரிப்பேரும் என் பொறுப்பு.

இந்த நாலு வருஷத்துல நான் பாத்த ரிப்பேர்ல பாதிக்கு மேல அடுப்படிலேர்ந்து வந்ததுதான். இந்த மாதிரி வண்டிங்கள்ல சமையல்னா காலைல ரெண்டு முட்டை, ராத்திரி வெளில கிரில்ல பர்கர், அவ்ளோதான்னு நெனச்சுதான் கட்டிருக்காங்க. நாம அதுல இட்லி ஊத்துறோம், மொளகா கிள்ளிப்போட்டு தாளிக்கிறோம், குக்கர் வைக்கிறோம். அதனால வாங்கும்போது பெட் எவ்ளோ பெருசு, டிவி எங்க இருக்குன்னு பாக்குறத விட அடுப்படிய நல்லா பாருங்க.

மொதல்ல இட்லி ஆவி கதை. வாங்கி மூணாவது மாசம் அடுப்புக்கு மேல இருக்குற கப்போர்டுக்குள்ள பழுப்பா ஒரு கறை, தொட்டா ஈரம். டிரெய்லர் வச்சிருக்குறவங்களுக்கு கூரை ஒழுகுறதுதான் பெரிய பயம், உள்ள இருக்குறதெல்லாம் மரச்சட்டமும் மெல்லிசு பிளைவுட்டும்தான, தண்ணி எறங்கிடுச்சுன்னா வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே இத்துப்போயிடும். நான் உடனே ஏணி வச்சு ஏறி, கடைல கெடச்ச சாதா சிலிக்கான் ரெண்டு டியூப் வாங்கி, கூரைல ஜாயின்ட் எங்கெல்லாம் தெரிஞ்சுதோ அங்கெல்லாம் இழுகிட்டேன். அது தப்பு, ஏன்னு அப்புறம் சொல்றேன். கறை நிக்கவே இல்ல, மழை பெய்யாத வாரத்துலயும் ஈரம் வந்துச்சு.

அப்புறம் ஒரு கேம்ப்கிரவுண்ட்ல பக்கத்து சைட்ல இருந்த ஒரு பெரியவர் எங்க வண்டிய சுத்திப்பாத்துட்டு, அடுப்புக்கு நேரா வெளிப்பக்கம், அடுப்பு மேல இருக்குற பேனோட காத்து வெளிய போற சின்ன மூடிய காட்டி, இது ஏன் மூடியே இருக்குன்னு கேட்டார். அதுல ரெண்டு சின்ன கிளிப் இருக்கு. ஓடும்போது காத்துல படபடன்னு அடிக்காம இருக்க அதைப் பூட்டி வைப்பாங்க, நிறுத்துனதும் வெளிலேர்ந்து தொறந்து விடணும். எங்களுக்கு விக்குனவங்க அதைச் சொல்லவே இல்ல. மூணு மாசமா நான் இட்லி வைக்கும்போதெல்லாம் பேன் ஓடுது, ஆனா ஆவி வெளிய போக வழியில்லாம கப்போர்டுக்குள்ளயே தண்ணியா படிஞ்சிருக்கு. கிளிப்ப தொறந்தேன், ஒரே வாரத்துல காஞ்சு போச்சு. இப்ப இட்லி வைக்கும்போது அதோட கூட கூரைல இருக்குற 14 இஞ்ச் பேனையும் போட்டு, தூரத்துல ஒரு ஜன்னல ரெண்டு விரல் அளவுக்கு தொறந்து வைப்பேன். காத்து உள்ள வர வழி இல்லன்னா பேன் எதை இழுக்கும்?

சிலிக்கான் பத்தி சொன்னேன்ல. எங்க கூரை ரப்பர் மெம்பரேன், அதுல சாதா சிலிக்கான் சரியா ஒட்டாது, கொஞ்ச நாள்ல ஓரம் தூக்கிக்கும். அதுக்கு மேல சரியான சீலன்ட் போட்டாலும் புடிக்காது. அடுத்த வருஷம் ரெண்டு நாள் உக்காந்து பிளாஸ்டிக் சுரண்டிய வச்சு அத்தனையும் எடுத்துட்டு, இந்த மாதிரி கூரைக்குன்னே வர்ற டைகோர் லேப் சீலன்ட் போட்டேன். ஊத்துனா தானே பரவி மட்டமாயிடும், மூணு வருஷமா கெட்டியா நிக்குது. ஆனா செங்குத்தா இருக்குற எடத்துக்கு வழியாத வகை தனியா இருக்கு, மாத்தி வாங்கிடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவ ஏறிப் பாத்துட்டு வர்றேன்.

அடுத்தது பெருங்காயம். இதை எல்லாரும் படிச்சே ஆகணும். 2023ல ஒருநாள் சாம்பாருக்கு தாளிக்கிறேன், கீழ தரைக்கிட்ட இருக்குற கேஸ் டிடெக்டர் பீப் பீப்னு கத்துது. புரோபேன் காத்த விட கனம், கீழ தங்கும், அதனாலதான் அதைத் தரைக்கிட்ட வச்சிருப்பாங்க. புரோபேனுக்குன்னு தனியா வாசனை கெடையாது, லீக்கானா தெரியணும்னு மெர்காப்டன்னு ஒரு கந்தக சரக்கு கலக்குறாங்க. பெருங்காய நாத்தமும் கந்தகத்தால வர்றதுதான். அதனால வாசனைய வச்சு எனக்கு ஒண்ணும் பிடிபடல. பெருங்காயத்துக்குத்தான் கத்துதுன்னு ரெண்டு நாள் விட்டுட்டேன். அப்படி விட்டிருக்கவே கூடாது, உள்ள பிள்ளைங்க தூங்குறாங்க. மூணாவது நாள் கழட்டி பின்னாடி பாத்தா 2016 தேதி. இந்த டிடெக்டருக்கு ஆயுசு அஞ்சுலேர்ந்து ஏழு வருஷந்தான், முடிஞ்சதும் அதுவே கத்த ஆரம்பிக்கும். புதுசு மாத்துனேன், ரெண்டு ஒயர், அரைமணி நேர வேலை. கையோட சிலிண்டர்லேர்ந்து அடுப்பு வரைக்கும் எட்டுன ஜாயின்ட்ல எல்லாம் சோப்புத்தண்ணி தடவி குமிழ் வருதான்னும் பாத்தேன், வரல.

இப்ப எங்க வண்டில பழக்கம் என்னன்னா, டிடெக்டர் எதுக்கு கத்துனாலும் சுவிட்ச் எதையும் தொடாம எல்லாரும் வெளிய, சிலிண்டர் வால்வ மூடிட்டு அப்புறந்தான் காரணம் தேடுறது. தாளிப்பு கருகுனாலும் பரவால்ல.

மாவு கதை சின்னதுதான், ஆனா தொடைக்க ரொம்ப நேரம் ஆச்சு. எங்க பிரிட்ஜ்ல கம்ப்ரெசர் கெடையாது, அம்மோனியா கலவைய சூடாக்கி அதுல குளிர வைக்கிற வகை. கேஸ்லயும் ஓடும், கரண்ட்லயும் ஓடும், ஆனா வண்டி மட்டமா நிக்கணும், முழுசா குளிர எட்டு பத்து மணி நேரம் ஆகும். ஓட்டும்போது கேஸ மூடிடுவோம். ஜூலை மாச வெயில்ல ஆறு மணி நேர ஓட்டத்துல உள்ள இருந்த இட்லி மாவு நல்லா பொங்கி, மூடிய தள்ளிட்டு, கதவு இடுக்கு வழியா தரைவிரிப்பு வரைக்கும் வந்துடுச்சு. அதுக்கப்புறம் பிரிட்ஜுக்குப் பின்பக்கம் இருக்குற காத்து வழில (வென்ட்) 12 வோல்ட் பேன் ரெண்டு மாட்டி, சூடு மேல போக வழி பண்ணேன். முன்னாடி மத்தியானத்துல பிரிட்ஜ் உள்ள 48 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுனது இப்ப 40க்கு கீழ நிக்குது. மாவு மட்டும் ஐஸ் போட்ட கூலர் பாக்ஸ்லதான் வரும், பாதி டப்பாக்கு மேல ஊத்துறதில்ல.

கரண்டு கணக்கு எங்கம்மா வந்தப்பதான் புரிஞ்சுது. எங்களுது 30 ஆம்ப் வண்டி, 120 வோல்ட்ல மொத்தம் 3,600 வாட், அதுக்கு மேல இழுத்தா பிரேக்கர் விழுந்துடும். ஏசி மட்டும் 13 ஆம்ப் கிட்ட இழுக்கும், தண்ணி ஹீட்டர கரண்ட்ல போட்டா இன்னொரு 12. அதோட அம்மா எலக்ட்ரிக் குக்கர்ல பருப்ப வச்சதும் மொத்தமா அணைஞ்சிடுச்சு. "ஏன்டி, ஒரு பருப்பு வேக வைக்க இந்த வீட்டுக்கு தெம்பில்லயா"ன்னாங்க. இப்ப வெயில் காலத்துல ஹீட்டர் கேஸ்லதான் ஓடும், கரண்ட் ஏசிக்கும் சமையலுக்கும்.

ஹீட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது. குளிர்காலத்துக்கு தண்ணிய வடிச்சு வச்சிருந்தோம், வசந்தத்துல மொத ட்ரிப்ல டேங்க் காலியா இருக்குறப்பவே கரண்ட் சுவிட்ச தட்டிட்டேன். கொஞ்ச நேரத்துலயே ஹீட்டர் உள்ள தண்ணிய சூடாக்குற எலிமென்ட் போயிடுச்சு. இப்ப அந்த சுவிட்ச் மேல டேப் ஒட்டி "வெந்நீர் குழாய்ல தண்ணி வருதா பாத்தியா"ன்னு எழுதிருக்கேன்.

சிங்க்ல நாத்தம்னா எல்லாரும் கழுவுன தண்ணி சேர்ற கிரே டேங்க்க குத்தம் சொல்வாங்க. சிங்க்குக்கு அடியில கருப்பா ஒரு சின்ன ஏர் வால்வ் இருக்கும், தண்ணி போகும்போது காத்த உள்ள விட்டுட்டு மூடிக்கும். எங்களுது மூடாம நின்னுடுச்சு, டேங்க் நாத்தம் நேரா உள்ள வந்துச்சு. கையாலயே திருகிக் கழட்டிட்டு புதுசு போடலாம், அஞ்சு நிமிஷம். சாம்பார் எண்ணெய மட்டும் சிங்க்ல ஊத்தாதீங்க, பேப்பர்ல தொடச்சு குப்பைல போட்டுட்டு கழுவுங்க, இல்லன்னா டேங்க்குள்ள இருக்குற சென்சார்ல படிஞ்சு காலி டேங்க்கும் நெறஞ்சதாவே காட்டும்.

மலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. கொலராடோல எஸ்டெஸ் பார்க் 7,500 அடி உயரம், அங்க தண்ணி 92 டிகிரி செல்சியஸ் கிட்டயே கொதிச்சிடும். தொவரம்பருப்ப சாதா பாத்திரத்துல ஒன்றரை மணி நேரம் வேக வச்சும் கல்லு மாதிரி கெடந்துச்சு, கேஸ்தான் போச்சு. மறுநாள் ஊர்லேர்ந்து கொண்டுவந்த மூணு லிட்டர் விசில் குக்கர எடுத்தேன், பதினஞ்சு நிமிஷத்துல மசிஞ்சுது. அந்தக் குக்கர் இல்லாம இப்ப வண்டி கெளம்பாது.

கேஸ் ஓவன் மட்டும் இன்னும் கைக்கு வரல. அடில ஒரே வரிசையா தீ, அதுக்கு மேல பீட்சா கல்லு வச்சதுல கேக் அடி கருகுறது கொறஞ்சிருக்கு, ஆனா பின்பக்கம் வெந்து முன்பக்கம் மாவாவே நிக்குது. பாதி நேரத்துல திருப்பி வச்சுப் பாக்குறேன். இதுல யாராவது நல்லா பேக் பண்றீங்கன்னா, கல்லு தட்டுக்கு கீழயா மேலயா, எந்த சூட்டுல எவ்ளோ நேரம்னு சொல்லுங்க, பொங்கலுக்கு பெரியவன் பொறந்தநாள் வண்டிலதான்.