மாற்றாத ஹப்புக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன், வேலூர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்

போன மாதம் என் காருக்கு முன் பக்க பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றக் கொடுத்தேன். ஹோண்டா சிட்டி, 2011 மாடல். சத்துவாச்சாரியில் ஹைவே ஓரம் சர்வீஸ் ரோட்டில் இருக்கும் ஒரு பட்டறை, பெயர் போடவில்லை. டிஸ்க், பேட், கூலி எல்லாம் சேர்த்து 9,500 என்று பேசினோம். கடைசியில் கொடுத்தது 20,000. அந்த வித்தியாசம் முழுக்க ஒரு சின்ன ஸ்க்ரூவால் வந்தது.

இந்த வண்டியில் ஒவ்வொரு டிஸ்க்கையும் ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டிச் சுழலும் நடுப்பாகத்தோடு, சேர்த்துப் பிடிக்க இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும், 6 எம்எம், தலை டிஸ்க்குக்குள் அமுங்கி உட்கார்ந்திருக்கும். பத்து வருஷம் மழைத் தண்ணீரும் பிரேக் சூடும் பட்டால் துரு ஏறி அப்படியே பிடித்துக்கொள்ளும். பட்டறைப் பையன் கையில் இருந்தது வீட்டில் ஸ்விட்ச் போர்டு கழற்ற வைத்திருப்போமே, அந்த ஒல்லியான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். வலது பக்கம் எப்படியோ வந்துவிட்டது. இடது பக்கத்தில் ஒன்று வந்தது, இன்னொன்றில் டிரைவர் மூன்று தடவை வழுக்கியது, தலை தேய்ந்து வெறும் குழியாகிவிட்டது. "தம்பி, பார்த்து" என்றேன். "வந்துடும் சார், நீங்க போயி சாப்டுட்டு வாங்க" என்றான். நானும் போய்விட்டேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும், அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சாயந்திரம் வந்து பார்த்தால் வண்டி பூட்டி ரெடி. பில்லில் புதிதாக மூன்று வரி: ஹப் 4,200, வீல் பேரிங் 3,300, பிரஸ் வேலைக்குக் கூலி 3,000. ஓனர் சொன்னார், "ஸ்க்ரூ உடைஞ்சு ஹப்புக்குள்ளயே மாட்டிக்கிச்சு சார், மரையும் போயிடுச்சு, ஹப்ப கழட்டினா பேரிங் தாங்காது, அதையும் மாத்தியாச்சு." ஹப்பைப் பிரஸ்ஸில் போட்டுத் தள்ளினால் பேரிங் கெட்டுவிடும் என்பது உண்மைதான், அதனால்தான் நம்பிவிட்டேன். பழைய ஹப்பைக் கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக்காரர் மதியமே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். எனக்கு ஒரு போன்கூடப் போடாமல் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வேலை செய்திருக்கிறார்கள். மறுநாள் அம்மாவைத் திருவண்ணாமலை கூட்டிப் போக வேண்டும், அந்த அவசரத்தில் சண்டை போடாமல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் கண்ணமங்கலம் தாண்டியதும் இடது சக்கரத்தில் ஊய் என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கியது. பின் சீட்டில் அம்மா. போளூர் வரை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன், எப்படிப் போய்த் திரும்பி வந்தோம் என்று எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஹப் மாற்றவே இல்லை! அதே பழைய துருப்பிடித்த ஹப். ஸ்க்ரூ இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் கோணலாக டிரில் போட்ட தடம், உள்ளே உடைந்துபோன ஈஸி அவுட் (உடைந்த ஸ்க்ரூவைத் திருகி உருவும் கருவி) துண்டு, சுற்றிலும் வெல்டிங் பொரி.

"இன்னாப்பா இது, இந்த ஸ்க்ரூவுக்குப் போயி யாராவது ஹப்பு மாத்துவாங்களா?" என்றார். அந்த ஸ்க்ரூ டிஸ்க்கைத் தாங்குவதே இல்லையாம். சக்கரம் கழற்றியிருக்கும்போது டிஸ்க் நகராமல் இருக்கத்தான் அது. சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கினால் டிஸ்க் தானாக இறுகிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அந்த ஸ்க்ரூவுக்குக் கம்பெனி சொல்லும் முறுக்கு 9.8 நியூட்டன் மீட்டர், வீல் நட்டுக்கு 108. உடைந்த துண்டை அப்படியே விட்டிருந்தால்கூட வண்டி ஓடியிருக்கும்.

சத்தத்துக்கும் காரணம் அவர்கள்தான். ஸ்க்ரூ தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்துத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். அந்த முறையில் தப்பில்லை, ஆனால் எர்த் கிளிப்பை அந்த ஹப்பிலேயே மாட்ட வேண்டும். பாடியில் எங்கோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும், குண்டுகள் ஓடும் பாதையைப் பொரித்துவிடும். பேரிங்கைப் பிரித்தபோது அதில் புள்ளி புள்ளியாக இருந்ததை நானே பார்த்தேன். நடுக்கத்துக்குக் காரணம் ஹப் முகத்தில் விட்டுவைத்த பிசிறு. டிஸ்க் 0.1 மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தாலே பிரேக்கில் தெரியும் என்றார். ஈஸி அவுட் துண்டு ரொம்பக் கடினமான இரும்பு, சாதாரண டிரில் ஏறாது, அதனால் அதை அப்படியே விட்டு, பிசிறை மட்டும் தேய்த்துச் சமமாக்கி, புது பேரிங் போட்டு, மீதி ஒரு ஸ்க்ரூவோடு டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தார். 3,900 வாங்கினார். சத்தமும் போச்சு, நடுக்கமும் போச்சு.

முதலிலேயே எப்படிக் கழற்றியிருக்க வேண்டும் என்று கேட்டேன். ஜப்பான் வண்டி ஸ்டார் ஸ்க்ரூவின் வெட்டு நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் டிரைவரோடு சரியாகப் பொருந்தாது, ஜேஐஎஸ் என்று தனி அளவு, இந்த ஸ்க்ரூவுக்கு 3 நம்பர் பிட் வேண்டும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் நாலு அடி. அடிக்கும்போது பிட் உள்ளே அமுங்கிக்கொண்டே திரும்பும், அதனால் வழுக்காது. அது கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். அதற்கும் வராவிட்டால் தலையை மட்டும் நடுவில் டிரில் போட்டு எடுத்துவிட்டு டிஸ்க்கை உருவிவிடலாம். இறுக்கம் போனதும் மீதித் தண்டு பெரும்பாலும் கிரிப் ப்ளேயருக்கே வந்துவிடும். ஸ்க்ரூ தலைக்கும் டிரைவருக்கும் நடுவில் ரப்பர் பேண்ட் வைத்துத் திருகச் சொல்லும் யூடியூப் வித்தை டேஷ்போர்டு ஸ்க்ரூவுக்குச் சரி, துருப்பிடித்த இதற்கு ஆகாது.

டிஸ்க் மாற்றக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இம்பாக்ட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் கேட்டு அதைக் கண்ணால் பாருங்கள். பேசியதற்கு மேல் ஒரு ரூபாய் ஆனாலும் கை வைக்கும் முன் போன் செய்யச் சொல்லுங்கள், கழற்றிய பாகம் எல்லாம் டிக்கியில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

ஹப்பை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பில்லும் இருக்கிறது. பட்டறைக்குப் போய்க் காட்டினேன், ஓனர் "பையன் மாத்திட்டேன்னு சொன்னான் சார்" என்று சொல்லி 2,000 நீட்டினார். வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்தாச்சு, சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே சர்வீஸ் ரோட்டில் வேறு யாருக்காவது இப்படி ஹப் மாற்றியதாக பில் வந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.