கஞ்சா கேஸுக்குப் பார்த்த மஞ்சக்குப்பம் வக்கீல்: ஐந்துக்கு நாலு

பெயரைப் போட முடியாது. வக்கீல்கள் விளம்பரம் பண்ணக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. "நல்லதா எழுதினாலும் வம்பு எனக்குத்தாம்மா" என்று அவரே சொல்லிவிட்டார். மஞ்சக்குப்பத்தில் மாடிப்படி ஏறிப் போகிற ஆபீஸ், அவ்வளவுதான் அடையாளம். இந்த மாதிரி கேஸுக்கு எப்படிப்பட்ட வக்கீலைத் தேடணும் என்று தெரியாமல் அலைகிற கடலூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

என் தம்பி மகனையும் கூட இருந்த இரண்டு பையன்களையும் கஞ்சா மூட்டையோடு பிடித்தார்கள். அன்று ராத்திரியே ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆள் வந்து, "மூணே நாள்ல ஜாமீன், அம்பதாயிரம் குடுங்க" என்றான். தம்பி பொண்டாட்டி கை வளையலைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டாள். அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் இந்த வக்கீல் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எத்தனை கிலோன்னு போட்டிருக்கு?" என்றார். 21 கிலோ 400 கிராம். முகத்தைச் சுளித்தார். கஞ்சாவில் 1 கிலோ வரை சின்ன அளவு, ஒரு வருஷம் வரைதான் தண்டனை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 வருஷம், 20 வரைக்கும் போகலாம், அபராதமும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. "போதைப்பொருள் சட்டத்துல ஜாமீனைப் பத்தின 37-வது பிரிவு குறுக்க நிக்கும்மா. இவன் குத்தம் செஞ்சிருக்க மாட்டான், வெளிய போனாலும் செய்ய மாட்டான்னு ரெண்டும் ஜட்ஜுக்குத் தோணணும். முதல் பெட்டிஷன் தள்ளுபடி ஆகும்னே வெச்சுக்குங்க." தம்பி பொண்டாட்டி ஓவென்று அழுதாள். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம், ஒரு மதிப்பெண் அங்கேயே போச்சு. ஆனால் அவர் சொன்ன மாதிரியேதான் தள்ளுபடி ஆனது.

கொடுத்த காசு வீணில்லை என்று எனக்குப் பட்டது, மகஜரை, அதாவது பிடித்த இடத்தில் போலீஸ் எழுதிய பறிமுதல் பத்திரத்தை, அவர் படித்ததைப் பார்த்தபோது. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து நிறுத்தினார். "சாக்கு, பிளாஸ்டிக் கவரோட சேர்த்து எடை போட்டாங்களா, தனியாவா?" சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூ, காய் பிடித்த நுனிதானாம். நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் கணக்கில் வராது. எல்லைக்கு மேலே இருப்பதே 1 கிலோ 400 கிராம்தான் என்பதால் அதிலேயே ரொம்ப நேரம் நின்றார். பையனின் உடம்பைத் தடவிச் சோதித்தார்களா, மூட்டையை மட்டுமா என்று அடுத்த கேள்வி. உடம்பு என்றால் மாஜிஸ்திரேட்டோ கெசட்டட் அதிகாரியோ முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று அவனிடம் முதலிலேயே சொல்லியிருக்கணும். மூட்டைக்கு அது கிடையாது.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டானே என்று தம்பி பதறினான். போலீஸிடம் ஒப்புக்கொண்டதை வைத்துத் தண்டிக்க முடியாது, போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் சொன்னதற்கும் அதே கதிதான் என்று 2020-ல் தூஃபான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறதாம். அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்குதான்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட் ஆச்சு, பையன் கேப்பர் மலை ஜெயிலுக்குப் போனான். மனு போட்டுப் பார்க்கப் போகும்போது கேஸைப் பற்றி மூச்சு விடக்கூடாது, சாப்பிட்டியா தூங்கினியா என்பதோடு நிறுத்தணும் என்றார். வீட்டில் இருக்கிற போனில் எதையும் அழிக்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். தம்பி அதற்குள் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தான், அவனைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்னவோ.

வணிக அளவு கேஸில் சார்ஜ் ஷீட் போட 180 நாள் அவகாசம். கோர்ட் விட்டால் ஒரு வருஷம் வரை நீளும். கெடு தாண்டினால் ஜாமீன் உரிமை வந்துவிடும், ஆனால் சார்ஜ் ஷீட் வருவதற்கு முந்தி மனு போட்டாகணும். குமாஸ்தா அந்தத் தேதியை எங்கள் வீட்டு மளிகைக்கடை காலண்டரில் சிவப்பில் வட்டம் போடச் சொன்னார்.

எங்களை நடுங்க வைத்தது, விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கிற குண்டாஸ் சட்டம்தான். ரவுடிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 1982 சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளியும் உண்டு. உள்ளே இருக்கும்போதே கலெக்டர் ஆர்டர் போட்டால், இந்தக் கேஸில் ஜாமீன் கிடைத்தாலும் 12 மாதம் வரை வெளியே வர முடியாது. அப்படி ஆர்டர் வந்தால் காரணங்களை 5 நாளுக்குள் எழுத்தில் தரணும், அந்தக் கட்டு கைக்கு வந்த அன்றே இங்கே கொண்டு வந்துடுங்க என்றார். இதுவரை வரவில்லை. இப்போது ஹைகோர்ட்டில் ஜாமீன் மனு போட்டிருக்கிறார்.

ஃபீஸ் 25 ஆயிரம், ஹைகோர்ட்டுக்குத் தனி. ரசீது கேட்டால்தான் தருகிறார், கேளுங்கள். ஜெராக்ஸ் காசைக் குமாஸ்தா அப்பப்போ தனியாக வாங்குவார். பணம் புரட்ட முடியாதவர்கள் யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்: காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்குப் போன் போடுங்கள். இதையும் இவர்தான் எங்களிடம் சொன்னார். காலையில் போனால் கோர்ட் அவசரத்தில் பாதிப் பேச்சில் எழுந்துவிடுவார், சாயங்காலம் 6 மணிக்கு மேல் போங்கள். மாடியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது.