தாதியர் கல்லூரியா, பல்கலைக்கழகப் பட்டமா? மலையகப் பிள்ளைகளுக்கான ஓர் ஒப்பீடு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த வாரத்தில், உயிரியல் பிரிவில் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாமற்போன மாணவிகளின் பெற்றோர் என்னைத் தேடி வருவதுண்டு. மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் தாய்மார் கேட்பது ஒன்றைத்தான்: பிள்ளை தாதியாவதற்கு எந்த வழி நல்லது?

சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தாதியர் கல்லூரிகளில் பயிற்சி மூன்று ஆண்டுகள். அதன் முடிவில் டிப்ளோமா கிடைக்கும். கண்டியிலும் பதுளையிலும் இக்கல்லூரிகள் இருந்தாலும், யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ செல்ல நேரலாம் என்பதை வீட்டார் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. இவ்வழியின் பெரும் பலம், பயிற்சிக் காலத்திலேயே மாதாந்தக் கொடுப்பனவு கிடைப்பதும், பயிற்சி முடிந்தபின் அரச வைத்தியசாலை நியமனத்தை எதிர்பார்க்க முடிவதுமாகும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு, பிள்ளை மூன்று ஆண்டுகள் வீட்டில் பணம் கேட்காமல் படிப்பது சிறிய விடயமன்று. பலவீனம் காத்திருப்புத்தான். விண்ணப்பம் கோரும் வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் ஒழுங்கான காலத்தில் வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் பரீட்சை எழுதியவர்களுக்கே அழைப்பு வந்த காலங்களும் உண்டு. தகைமை நிபந்தனைகளும் மாறக்கூடியவை என்பதால், அக்காவின் காலத்து விபரத்தை நம்பாமல் அந்தந்த ஆண்டின் வர்த்தமானியையே வாசிக்க வேண்டும்.

நான்கு ஆண்டுத் தாதியியல் பட்டம் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்பு, ருகுணை முதலிய பல்கலைக்கழகங்களில் உண்டு. இதற்கு உயிரியல் பிரிவில் போதிய இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி, தேவை. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், 'எங்களுக்கு எங்கே கிடைக்கும்' என்று விண்ணப்பப் படிவத்தில் இப்பாடநெறியை எழுதாமல் விடுவது பெருந்தவறு. ஆனால் கற்கை ஆங்கிலத்தில் நடைபெறும். தமிழ் மொழியில் உயிரியல் கற்ற பிள்ளைக்கு முதலாண்டு கடினமாகவே இருக்கும். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தாலும், விடுதி, உணவு, போக்குவரத்துச் செலவில் ஒரு பகுதி வீட்டின் மேல் விழும். பட்டதாரிகளும் நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

விரிவுரையாளர் பணி, ஆராய்ச்சி, வெளிநாட்டு மேற்படிப்பு ஆகியவற்றுக்குப் பட்டம் நேர்வழி. எனினும் டிப்ளோமா பெற்ற தாதிக்கு அக்கதவு மூடப்படவில்லை; பணியில் இருந்தபடியே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டத்தைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஆகவே புள்ளி இருந்து, நான்கு ஆண்டுகளை வீடு தாங்குமானால் பட்டத்தையும், தாங்காதெனில் தயக்கமின்றித் தாதியர் கல்லூரியையும் தெரிவு செய்யுமாறே நான் சொல்வேன். பின்னது இரண்டாந்தரத் தெரிவு என்று பிள்ளையின் காதில் விழும்படி பேசுவது கொடுமை.

மூன்றாவதாகத் தனியார் பயிற்சி. சில தனியார் வைத்தியசாலைகள் முறையாகப் பயிற்றுவித்து, குறிப்பிட்ட காலம் தம்மிடமே பணிபுரியப் பிணைமுறி எழுதி வாங்குகின்றன. நகரங்களில் சில மாதங்களில் 'நர்சிங்' சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் நிலையங்கள் வேறு வகை. தாய் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிய பணத்தில் அப்படியொரு சான்றிதழ் பெற்ற என் மாணவி ஒருத்திக்கு, அதைக்கொண்டு தாதியாகப் பதிவு செய்ய முடியாது என்பது படித்து முடித்தபின்தான் தெரிந்தது. பராமரிப்பாளர் வேலைக்கு அத்தகைய பயிற்சி உதவலாம். தாதியாவதற்கு இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவே தேவை. பணம் கட்டுமுன் இந்தக் கற்கைநெறியைப் பேரவை ஏற்றுக்கொள்கிறதா என்று பேரவையிடமே விசாரிக்க வேண்டும்.

எவ்வழியில் சென்றாலும் மொழி முன்னால் வந்து நிற்கும். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட, நுவரெலியா மாவட்டத்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு வரும் தோட்டத்து நோயாளர் பலர் தம் வேதனையைத் தமிழிலேயே சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்கு நம் பிள்ளைகள் தேவை. ஆனால் கண்டியிலோ பதுளையிலோ பயிலும் பிள்ளை வார்டில் பெரும்பாலும் சிங்களத்தில் பேசவும், மருந்துக் குறிப்பை ஆங்கிலத்தில் வாசிக்கவும் வேண்டியிருக்கும். பெறுபேற்றுக்கும் வர்த்தமானிக்கும் இடையிலான நீண்ட மாதங்களைப் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் வெறுமனே கழிக்கிறார்கள். அந்த மாதங்களில் இவ்விரு மொழிகளையும் படிக்கத் தொடங்குமாறே அந்தத் தாய்மாரிடம் சொல்லி அனுப்புகிறேன்.